தூசி என்று நினைத்தது

ஒரு பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்காமலே அவளைப் போட்டோ எடுக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று கையைத் தூக்கிச் சொல்லக்கூடியவன் நான். எடுத்திருக்கிறேன். அதற்கான பலனையும் ஒரு மாத காலம் தூக்கம் கெட்டு அனுபவித்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு முப்பது வயது. திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் என் ஸ்டூடியோ. நான் மேலே, "அசையாதீங்க, மூச்சை அப்படியே வச்சுக்குங்க" என்பேன். கீழே அந்த நேரம் பார்த்து ஓர் அண்டா விழும். பின்னணித் திரையில் ஓர் ஏரி, இரண்டு அன்னம், ஒரு பளிங்குப் படிக்கட்டு. லால்குடிப் பக்கத்து மிராசுதார்கள் மண்டியில் நெல் போட்ட கையோடு வந்து, குடையைக் கீழே வைக்க மாட்டேன் என்று பிடித்தபடி அந்தப் படிக்கட்டின் முன்னால் உட்காருவார்கள். மேலப்புதூர் மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய பிள்ளைகள் மெழுகுத்திரியும் வெள்ளை உடையுமாக வருவார்கள். புதுத் தம்பதிகள் வந்தால் நடுவில் ஒரு முழம் இடம் விட்டு உட்காருவார்கள். அந்த இடத்தில் இன்னொருவரை உட்கார்த்தி வைக்கலாம். கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கும்.

சொல்லப்போனால் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். லென்ஸ் மூடியைக் கழற்றினோமா என்ற சந்தேகத்தில் என் வாழ்க்கையின் பாதி போயிற்று. கழற்றியதைத் திரும்பப் போட்டோமா என்ற சந்தேகத்தில் மீதி போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைத்த பிறகு, இருட்டறைக் கதவைச் சாத்தினோமா என்று எழுந்து ஓடியவன் நான். தென்னூரிலிருந்து கடைவீதிக்கு.

அந்த வருஷம் ஆனி மாதம் காற்று ஆளைத் தள்ளியது. கடைவீதிப் புழுதி எல்லாம் மாடி ஏறி வந்து என் காமிராவுக்குள் குடியிருந்தது. அப்படி ஒரு நாள் காலையில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அப்பா ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் சுருட்டிய குடை, கண்ணில் நான் வீட்டுக்கணக்குப் போடாமல் வந்துவிட்டதைக் கண்டுபிடித்துவிட்ட பார்வை. இத்தனைக்கும் நான் அவரிடம் படித்தவன் இல்லை.

"வரன் பார்க்கறதுக்குப் படம். நாக்பூர் பையன். ஆடிட் ஆபீஸ். ரெண்டு எடம் தட்டிப் போயிடுத்து, இதாவது அமையணும். லட்சணமா எடுத்துக் கொடும்" என்றார்.

எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அவர் எனக்குப் பின்னால் வந்து, என் பிடரியில் மூச்சு படும் தூரத்தில் நின்றுகொண்டார். ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெண்ணை, அவளுடைய தகப்பனார் பார்க்கப் பார்க்க, நான் உற்றுப் பார்ப்பதா? நாற்காலியைப் பார்த்து, "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்கம்மா" என்றேன். அன்னத்தைப் பார்த்து, "தலையை நிமிர்த்துங்கம்மா" என்றேன். பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே இருக்கும் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும், மங்கலாகவும் தெரியும். அந்தப் பெண்ணை நான் பார்த்தது அவ்வளவுதான்: தலைகீழாக, மங்கலாக, நாலு விநாடி.

நெகடிவைத் திருத்துவதில் ஊரில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. பென்சிலை ஊசி மாதிரி சீவி, சரிவு மேஜையில் ஜன்னல் வெளிச்சத்தில் நெகடிவை வைத்து, முகத்தில் உள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக அடைப்போம். நெகடிவில் எல்லாம் மாறித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளுத்த முகம் அதில் கறுப்பு, கறுத்த முடி அதில் வெள்ளை. தூசி விழுந்த இடம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதை அடைக்காமல் விட்டால் படத்தில் கரும்புள்ளியாக வந்து உட்காரும். அந்த வாரம் எல்லா முகத்திலும் புழுதி. ஒரு தாசில்தாரின் மூக்கில் மட்டும் பதினோரு புள்ளி அடைத்தேன். அந்தப் பெண்ணின் நெகடிவில் அவ்வளவு மோசமில்லை. நெற்றியில் மூன்று, முகவாயில் இரண்டு, இடது கன்னத்தில் மூக்கை ஒட்டி ஒன்று. கன்னத்தில் இருந்தது கொஞ்சம் பெரிசு. பெரிய தூசி என்று நினைத்தேன். இருப்பதிலேயே அழகாக அடைத்தது அதைத்தான். அன்று மத்தியானம் என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு காபி குடித்ததாகக்கூட ஞாபகம்.

படத்தை வாத்தியார் வாங்கிக்கொண்டு போனார். "பேஷ்" என்றார். கணக்கு வாத்தியார் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, மாடிப்படியில் குடை தட்டும் சத்தம் கேட்டது. வாத்தியார்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஓய் போட்டோக்காரரே, உம்ம படம் பேசிடுத்து ஓய்! நாக்பூர்லேர்ந்து லெட்டர் வந்துடுத்து. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி பொண்ணைப் பார்த்துடணும்னு புறப்பட்டு வரா. புதன்கிழமை காலம்பற வண்டியில பையன், அம்மா, மாமா, மூணு பேரும். எல்லாம் பெருமாள் கடாக்ஷம். படத்துக்கு இன்னொரு காப்பி போட்டு வையும்."

"ரொம்ப சந்தோஷங்க" என்று நானும் சிரித்தேன். சிரித்தபடியே ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பாத்திரக் கடை வாசலில் வெயிலில், கையில் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். எங்கேயோ பார்த்த முகம். தலையைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அந்தப் பெண்தான். முதல் தடவையாக அவளை நேராகப் பார்க்கிறேன். அவளும் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். இடது கன்னத்தில், மூக்கை ஒட்டி, மிளகு அளவுக்கு ஒரு மச்சம்.

வாத்தியார் மேலே என்ன சொன்னார் என்பது என் காதில் ஏறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்த மச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை! இருபது வருஷம் தினமும் பார்க்கிற முகத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதெல்லாம் தகப்பன்மார்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. ஆனால் நாக்பூரிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வருகிற ஓர் அம்மாளுக்குத் தெரியும். கூடத்தில் கால் வைத்ததும் தெரியும்.

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே என் மனைவியிடம் சொன்னேன். அவள் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம கல்யாணப் படத்துல என் மூஞ்சியில இருந்த பருவை ஒண்ணுகூட எடுக்காம விட்டீங்களே. ஊரான் வீட்டுப் பொண்ணு மச்சம் மட்டும் கண்ணுல பட்டுதாக்கும்?"

"வெளையாடாதே. அவங்க வந்து பார்த்துட்டு, மச்சத்தை மறைச்சு ஏமாத்திட்டாங்கன்னு எழுந்து போயிட்டா அந்தப் பொண்ணு கதி என்ன? ஏற்கெனவே ரெண்டு எடம் போயிருக்கு."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"யாருகிட்ட?"

"அவ அப்பாகிட்டதான். பின்னே, கலெக்டர்கிட்டயா?"

"அவர் கணக்கு வாத்தியார்டி."

"கடிச்சா வைப்பாரு?" என்று கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றினாள். எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. கடிப்பார் என்றுதான் தோன்றியது. ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் வரிசையாகக் காவிரிப் பாலத்தில் நடந்து வருவது போலவும், முன்னால் வருகிறவர் கையில் என் போட்டோ இருப்பது போலவும், கீழே பாத்திரக் கடைக்காரர் "மாடியிலதாங்க இருக்கான்" என்று வழிகாட்டுவது போலவும் சோற்றுத் தட்டில் பார்த்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம்; செய்த பாவத்தைச் சொன்னால் சாமியார் கேட்டுப் பொறுத்தல் கொடுப்பார். எனக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் ஒன்பது பேர். முறை வந்ததும் முழங்காலில் விழுந்து, சாமியார் இருக்கும் கூண்டின் வலைச் சட்டத்தில் வாயை வைத்தேன்.

"சாமி, ஒரு பொண்ணோட கன்னத்துல..."

உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. "கன்னத்துல?"

"கை வச்சுட்டேன் சாமி. பென்சிலால."

 "முதல்லேர்ந்து சொல்லு" என்றார். சொன்னேன். நெகடிவ், புழுதி, நாக்பூர், புதன்கிழமை, எல்லாவற்றையும். உள்ளேயிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. இருமல் அவ்வளவு நேரம் நீடிக்காது.

"எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தியா?"

"மச்சத்தையா சாமி?"

"அதைத்தான். அடுத்தவங்க பொருளை எடுத்தா முதல்ல திருப்பிக் கொடுக்கணும். போய்க் கொடுத்துட்டு வா. அப்புறமா பாவப் பொறுத்தல். பின்னால கூட்டம் நிக்குது பாரு, எழுந்திரு."

பாவத்தை இறக்கி வைக்கப் போனவன் அதைச் சுமந்தபடியே திரும்பி வந்தேன். பின்வரிசையில் இருந்த ஒன்பது பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அத்தனை நேரம் முழங்காலில் இருந்தவன் என்னதான் செய்திருப்பான் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவைத் திறந்து, டர்பன்டைன் தொட்ட பஞ்சால் நெகடிவில் அந்த ஓர் இடத்தை மட்டும் துடைத்தேன். வேறு எதையும் துடைத்துவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு தடவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புதிதாகப் பிரதி போட்டேன். மருந்துத் தட்டில் கிடந்த தாளில் முதலில் கண்கள் வந்தன, பிறகு உதடு, பிறகு மெதுவாக மச்சம். சொன்னால் நம்புங்கள், முகம் அப்போதுதான் ஒரு பெண்ணின் முகமாயிற்று. அதற்கு முன் நான் அனுப்பியது பொம்மைக் கடை முகம். இதை அப்போது ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

திங்கட்கிழமை படத்தை உறையில் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன். ஸ்ரீரங்கத்தில் கோழைகளுக்கு ஒரு வசதி உண்டு. வீதிகள் சதுரம் சதுரமாகக் கோயிலைச் சுற்றி இருப்பதால், ஒரு வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வர வேண்டியதில்லை. நேராகப் போய்க்கொண்டே இருந்தால் நாலு மூலை திரும்பி அதே வீட்டுக்கு வந்துவிடலாம். பார்க்கிறவர்கள் பிரதட்சிணம் என்று நினைத்துக்கொள்வார்கள். உத்தர வீதியில் வாத்தியார் வீட்டை நான் மூன்று முறை அப்படிக் கடந்தேன். மூன்றாம் சுற்றில், மூலையில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கேட்டே விட்டார்.

"ஏன் சார், மூணு சுத்து ஆயிடுச்சு. வேண்டுதலா?"

"ஆமாங்க."

"அப்ப செருப்பைக் கழட்டிட்டு சுத்துங்க, பலிக்கும்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். திங்கட்கிழமை அப்படிப் போயிற்று.

அன்று முழுக்க என் மனைவி என்னோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மட்டும், "நாளைக்கு இந்நேரம் அவங்க வந்து இறங்கியிருப்பாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

வாத்தியார் வீட்டில் வெல்லப்பாகு வாசனை அடித்தது. மறுநாளைக்குத் தயாராகிறார்கள். என்னை ரேழியில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார் வாத்தியார். "என்ன ஓய், நானே வந்து வாங்கிண்டிருப்பேனே. காப்பியைக் கொடுக்க நீர் இவ்வளவு தூரம் வரணுமா?"

நான் பேசத் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் காவிரிப் பாலத்திலேயே விழுந்துவிட்டன. உறையை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பழைய படத்தையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விடைத்தாளைத் திருத்துவது போலவே இருந்தது.

"இதென்ன கன்னத்துல? மை சிந்தியிருக்கா?"

"இல்லைங்க. அது மச்சங்க. உங்க பொண்ணுது. நான்தான் தூசின்னு நினைச்சு முதல் படத்துல அழிச்சுட்டேங்க."

"என் பொண்ணுக்கு ஏது ஓய் மச்சம்?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "அடியே, இங்க வா. நம்ம கொழந்தைக்குக் கன்னத்துல மச்சம் இருக்கோ?"

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "இருக்கே."

"எப்போலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து. ஏன்னா இப்படிக் கேக்கறேள்?"

வாத்தியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணக்கில் அவருக்கு விடை தவறுவது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பெண் உள்கதவருகில் வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீ இதைப் பார்த்தியோ? அன்னிக்கே பார்த்தியோ?"

"பார்த்தேம்ப்பா."

"ஏன் சொல்லலே?"

"நீங்க அந்தப் படத்தை வச்சுண்டு ரொம்ப சந்தோஷமா இருந்தேள். ரெண்டு எடம் தட்டிப் போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சேள்." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா அவா படத்தைப் பார்த்துட்டு வரா. என்னைப் பார்க்க வரலை. லெட்டர் வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லே."

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அப்படியே சுருங்கிப்போனேன். அத்தனை நாளும் பயம் என் சொந்தச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று சுற்றுச் சுற்றி நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வீட்டுக்குள் ஒருத்தி யாரிடமும் சொல்லாமல் இதே பயத்தை வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கியிருக்கிறாள். எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. எனக்கு அது அபூர்வம்.

"தந்தி அடிக்கலாம்ங்களா?" என்று கேட்டேன்.

"எங்க அடிக்கறது? அவா ரயில்ல இருக்கா." வாத்தியார் கூடத்தில் இரண்டு தடவை நடந்தார். பிறகு என் எதிரில் வந்து நின்றார். "படத்தை நம்பி வந்தவா என் ஆத்து வாசப்படி ஏறறதுக்கு முன்னாடி நிஜத்தைப் பார்த்துடணும். பார்த்துட்டு வரதா இருந்தா வரட்டும். நாளைக்குக் காலம்பற நான் ஜங்ஷனுக்குப் போறேன். நீரும் வரீர்."

"நான் எதுக்குங்க?"

"பின்னே? மச்சத்தை நானா அழிச்சேன்?"

புதன்கிழமை காலை ஜங்ஷன் பிளாட்பாரத்தில், வாத்தியாருக்கு இரண்டடி பின்னால், ஆஜர்படுத்தப்பட்ட கைதி மாதிரி நின்றேன். வண்டி வரத் தாமதம் என்றார்கள். வராமலே போய்விட்டால் என்ன என்று ஜெபம் செய்தேன். வந்தது. வாத்தியார் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினார், நான் அவர் குடையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு கதவில் தலை நரைத்த அம்மாள் கையில் கூஜாவோடு நின்றார். பின்னால் படுக்கைக் கட்டோடு ஒரு மாமா. அதற்கும் பின்னால், எக்கி எக்கி வெளியே பார்க்கிற ஒல்லியான பையன்.

"வாங்கோ" என்றார் வாத்தியார். அந்த அம்மாள் ஒரு காலைப் படியில் வைத்தார். "ஆனா இறங்காதீங்கோ!" என்றார் வாத்தியார்.

கால் படியிலேயே நின்றது.

"முதல்ல இதைப் பார்க்கணும்" என்று இரண்டு படத்தையும் நீட்டினார். "நீங்க பார்த்தது இது. நிஜம் இது. கன்னத்துல மச்சம் உண்டு. நான் மறைக்கலே. இவர் மறைச்சுட்டார்." குடை நுனி என் மார்பை நோக்கித் திரும்பியது. "சொல்லும் ஓய்."

பெட்டிக்குள்ளிருந்து "இறங்குங்க சார், இறங்குங்க" என்று கூச்சல். கூலிக்காரர் ஒருவர் கையை ஏந்தியபடி நிற்கிறார். "தப்பு என்னுதுங்க" என்று ஆரம்பித்தேன். "காத்து அதிகங்க. புழுதிங்க. நெகடிவ்ல பார்த்தா மச்சமும் வெள்ளையா இருக்கும், தூசியும் வெள்ளையா இருக்கும், நான் அவங்க முகத்தையே பார்க்கலீங்க, தலைகீழாத்தான் பார்த்தேன்..." நான் சொல்லச் சொல்ல மாமாவின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, இதென்ன கூத்து?" என்றார் மாமா. "இப்படியே மதுரைப் பக்கம் போயிடலாம். நம்ம தங்கை ஆத்துலயாவது ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்."

 அந்த அம்மாள் இரண்டு படத்தையும் கையில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். எத்தனை நேரம் பார்த்தாரோ, எனக்கு அது நாற்பது நாள் தவக்காலத்தின் நீளம். பிறகு பின்னால் திரும்பி மகனிடம் சொன்னார்.

"நான்தான் சொன்னேனோல்லியோ, மூஞ்சி கழுவின தட்டு மாதிரி இருக்கேன்னு?"

பையன் எட்டி வாங்கிப் பார்த்தான்.  ஒரு படத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். எந்தப் படம் என்று பார்க்க நான் கழுத்தை நீட்டினேன்; படுக்கைக் கட்டு மறைத்துவிட்டது.

"முதல்ல என்னை இறங்க விடுங்கோ" என்றார் அந்த அம்மாள். "ரெண்டு நாளா நல்ல காபி இல்லே. காபி குடிக்காம நான் எந்த மச்சத்தைப் பத்தியும் பேசறதா இல்லே."

இறங்கினார்கள். வாத்தியார் கூஜாவை வாங்கிக்கொண்டார். குதிரைவண்டியில் ஏறிப் போனார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வாத்தியார்கூட. பிளாட்பாரம் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி புறப்பட்டுப் போகும் வரை நின்றேன். அவர்கள் மனசு மாறித் திரும்ப வந்து ஏறிவிடக் கூடாதே என்ற பயம்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். ஸ்ரீரங்கத்துக்குப் போய்க் கேட்கலாம். மறுபடி பிரதட்சிணம் செய்ய எனக்குத் தெம்பில்லை. தொழிலும் கெட்டது. எந்த முகத்தில் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் பென்சில் எழவில்லை. படம் எடுக்க வருகிறவர்களின் முகத்துக்கு நேரே போய் நின்று, விரலை நீட்டி, "இது உங்களுதுங்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன். "இதுவும் உங்களுதுங்களா?" அரிசி மண்டிக்காரர் ஒருவருக்கு எதையும் தொடாமல் அப்படியே படம் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்து, "ஏங்க, எனக்கு அம்மை போட்டு முப்பது வருஷம் ஆச்சுங்க. இதுல இன்னிக்குக் காலையில போட்ட மாதிரி இருக்கே" என்றார். கூடவே ஒரு ஈ உட்கார்ந்து போன அடையாளமும் அவர் காதில் இருந்தது. அதை அழிக்கலாமா என்று அவரைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"பாவப் பொறுத்தல் வாங்கிட்டு வந்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். இன்னும் போகவில்லை என்றேன். மச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று; ஆனால் அதோடு கல்யாணமும் போய்விட்டிருந்தால் கணக்கு எப்படி நேராகும்? சாமி அதைக் கேட்டால் என்ன சொல்வது?

பதினோராம் நாள் மாடிப்படியில் குடைச் சத்தம். நான் இருட்டறைக்குள் போய்விடலாமா என்று ஓர் எட்டு வைத்தேன். அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார். முகத்தைப் பார்த்து ஒன்றும் படிக்க முடியவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் வாத்தியார்களுக்கு இருக்கும் முகம். இடுப்பிலிருந்து ஓர் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். நாலு மூலையிலும் மஞ்சள்.

"ஆவணியில முகூர்த்தம்" என்றார்.

 அன்னத்துக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவா வந்ததும், அம்மா பொண்ணைக் கிட்டக்க உட்கார வச்சுண்டு கேட்டா, படத்தை அழிக்கச் சொன்னது நீயான்னு. இல்லே, நான் பார்த்துட்டுப் பயந்துண்டு இருந்தேன்னா நம்ம கொழந்தை. 'நானும்தாண்டி பயந்துண்டு வந்தேன், நாக்பூர்லேர்ந்து'ன்னா அந்த அம்மா. அவ்வளவுதான். ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டா. பஜ்ஜி ஆறிப் போச்சு."

"பையன் என்ன சொன்னாருங்க?"

"அவன் என்ன சொல்றது? மச்சம் இருக்கற படத்தைத் திருப்பித் தரவே மாட்டேன்னுட்டான்." வாத்தியார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ஆனா அவன் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கா."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "என்னங்க?"

"கல்யாணத்துக்குப் படம் எடுக்க உம்மைக் கூப்பிடக் கூடாதாம்."

நான் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து இழுப்பறையில் போட்டேன். 

"சாப்பிட வரலாம்னா" என்றார்.

அன்று மத்தியானம் என் மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாள் சுவர் மேல் எட்டிப் பார்த்தார். எனக்கு நிம்மதிப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. பத்து வருஷத் தொழிலாளியைப் பந்திக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். இரண்டையும் கலந்து பட்டேன்.

ஆவணியில் போனேன். பந்தலில் நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். வேறு போட்டோக்காரர் ஒருவர், கோட்டைப் பக்கம் கடை வைத்திருப்பவர், காமிராவை நிறுத்திக்கொண்டிருந்தார். மாலையும் கூரைப்புடவையுமாகப் பெண், அந்த மிளகு மச்சத்தோடு, மாப்பிள்ளை என்னவோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக அந்த மனிதரின் காமிராவையே பார்த்தேன். அன்றும் காற்று அடித்தது. அவரும் பென்சில் பிடிக்கிறவர்தான். ராத்திரி நெகடிவைக் கழுவிப் பார்ப்பார். கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும்...

உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, மூன்று வரிசையில் கால்களை மிதித்துக்கொண்டு போய், அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதற்கு முன் தோளைத் தொட்டேன்.

"அண்ணே, ஒரு விஷயம். பொண்ணு கன்னத்துல..."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மச்சம்தானே? தெரியும். உங்க கதையைத்தான் ரெண்டு மாசமா ஊரே சொல்லிச் சிரிக்குது. போய் உட்காருங்க, உங்க தலை படத்துல விழுது."

எங்களைப் போன்ற வேற்று ஜாதிக்காரர்களுக்குத் தனியாகப் பந்தி போட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். சாத்தமுது என்று அவர்கள் சொல்லும் ரசம் வரும் வரை, அந்தக் காமிராவின் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.